ஓக்வெல்லும் நம் தோட்டத்துத் திடலும்

(ஈப்போவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியத்தையும் சமயத்தையும் பற்றியே பேசியும் கேட்டும் பழகிய ஒரு சபையில், இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கில் காற்பந்து ஆடும் ஓர் இளைஞரைப் பற்றிப் பேச நான் எழுந்திருப்பது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எதைச் சேர்த்து வைத்தது, எதைக் கைவிட்டது என்பதை அதன் நூலகங்களைக் கொண்டு அறியலாம் என்றால், அதன் விளையாட்டுத் திடல்களைக் கொண்டும் அறியலாம் என்பது என் துணிபு. அந்தத் துணிபின் காரணமாகவே விமல் யோகநாதன் என்ற இளைஞரின் வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

விமல் 2006ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் வளர்ந்த ஊர் வடக்கு வேல்ஸில் உள்ள ட்ரெலாவ்னிட் என்னும் சிற்றூர். சிறு பிராயத்திலேயே லிவர்பூல் சங்கத்தின் இளையோர் பயிற்சிக் கழகத்தில் இடம்பெற்று, வேல்ஸ் எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போய்ப் பயின்று, வேல்ஸ் நாட்டின் இளையோர் அணிகளிலும் ஆடி, பின்னர் லிவர்பூலை விட்டுப் பிரிந்து, 2022இல் யார்க்‌ஷயரைச் சேர்ந்த பார்ன்ஸ்லி சங்கத்தின் இளையோர் அணிக்கு வந்தார். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், லீக் கிண்ணப் போட்டியில், பார்ன்ஸ்லியின் முதல் அணியில் களமிறங்கினார். பிரிட்டனில் தொழில்முறைக் காற்பந்து ஆடிய முதல் தமிழர் என்று பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. அவர் ஆடும் இடம் மத்தியத் திடல்.

இந்தச் சரிதத்தைக் கேட்டவுடன் 'நம் இரத்தம்' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வது சுலபம். அதில் தவறும் இல்லை. ஆனால் இரத்தத்தினால் ஒருவர் மத்தியத் திடல் ஆட்டக்காரர் ஆகிவிடுவதில்லை என்பதுதான் நாம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம்.

காற்பந்தில் கோல் காவலரின் பாய்ச்சலும், முன்வரிசைத் தாக்குதல் ஆட்டக்காரரின் வேகமும் ஓரளவுக்குப் பிறவிக் கொடைகள். தோட்டத்தில் மரமேறிப் பழகிய கைகளும், காட்டுப் பாதையில் ஓடிப் பழகிய கால்களும் அவற்றுக்குப் போதிய ஆரம்பமாக இருந்ததுண்டு. மத்தியத் திடலில் நிற்பவரின் சாமர்த்தியம் வேறு வகைப்பட்டது. பந்து தம்மிடம் வந்து சேர்வதற்கு முன்னரே இடத்தோளுக்கு மேலும் வலத்தோளுக்கு மேலும் ஒருமுறை திரும்பிப் பார்த்து, எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், தம் தோழன் எந்த வெற்றிடத்தை நோக்கி ஓடப்போகிறான் என்பதை மனத்தில் எழுதிக்கொண்டு, முதல் தொடுகையிலேயே பந்தை அடுத்த செயலுக்கு ஏற்ற பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளும் அந்த வித்தையைப் பார்வையாளர்களில் பாதிப் பேர் கவனிப்பதுகூட இல்லை. பால்மரம் வெட்டிய நம் தாய்மார்களின் கையை நினைத்துப் பாருங்கள்: கத்தி ஒரு நூலிழை ஆழமாகப் போனால் மரம் புண்படும், ஒரு நூலிழை மேலாகப் போனால் பால் ஓடாது, அந்த அளவை எந்த மேனேஜரும் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆயிரம் விடியற்காலைகள்தாம் கற்றுக் கொடுத்தன. மத்தியத் திடல் ஆட்டக்காரரின் பாதமும் அப்படித்தான் பழக்கத்தினால் பக்குவப்படுகிறது. அந்தப் பழக்கம் எட்டு, ஒன்பது வயதில் ஆரம்பமாக வேண்டும், இடையில் அறுந்து போகாமல் பத்தாண்டுகள் தொடர வேண்டும்.

இங்கிலாந்து இந்தத் தொடர்ச்சியைச் சந்தர்ப்பத்தின் பொறுப்பில் விட்டுவிடவில்லை. 2012ஆம் ஆண்டில் அங்கே நடைமுறைக்கு வந்த இளையோர் அபிவிருத்தித் திட்டம், சங்கங்களின் பயிற்சிக் கழகங்களை நான்கு தரங்களாக வகுத்தது. ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்தே சிறுவர்கள் முறையாகப் பதிவு செய்யப்படுகிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு முந்திய அடித்தளப் பருவம், பதினாறு வரையிலான வளர்ச்சிப் பருவம், அதற்கு மேற்பட்ட தொழில்முறைப் பருவம் என்று படிகள் அமைக்கப்பட்டு, பதினாறு வயதில் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு இரண்டாண்டுக் காலம் உதவித்தொகையுடன் கூடிய பயிற்சியும், அதனோடு பள்ளிக் கல்வியின் தொடர்ச்சியும் கொடுக்கப்படுகின்றன.

இதை நான் குறையற்ற சொர்க்கமாக வர்ணிக்க வரவில்லை. அந்தக் கழகங்களில் ஒன்பது வயதில் நுழையும் பிள்ளைகளில் தொழில்முறை ஒப்பந்தம் பெறுவோர் மிகச் சொற்பம். வருஷந்தோறும் எத்தனையோ குழந்தைகளின் கையில் 'இனி நீ வேண்டாம்' என்ற கடிதம் கொடுக்கப்படுகிறது. பதினான்கு வயதில் தன் ஆயுட்காலக் கனவை இழந்து வீடு திரும்பும் சிறுவனின் மனத்தை எந்தத் திட்டமும் முழுமையாகத் தேற்றிவிட முடியாது. ஆனாலும் அங்கே இங்கிலாந்தின் நான்கு நிலைகளில் 92 தொழில்முறைச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே பாதித் தொழில்முறையாக ஆடும் சங்கங்களும் அநேகம். உச்சிப் படியிலிருந்து வழுக்கியவன் தரையில் வந்து விழுவதில்லை, கீழ்ப்படியொன்று அவனைத் தாங்கிக்கொள்கிறது. லிவர்பூலுக்கு வேண்டாதவராகிய விமலுக்குப் பார்ன்ஸ்லி கிடைத்தது. அவருடைய சரிதத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இரண்டாவது வாய்ப்புத்தான். சிறு வயதில் லிவர்பூலின் கண்ணில் படுவது யோகம். பதினாறு வயதில் லிவர்பூலை இழந்த பிறகும் ஆட ஓர் இடம் இருப்பது ஸ்தாபனத்தின் பலம்.

பிரிட்டனில் இலட்சக்கணக்கான தெற்காசிய வம்சாவளியினர் வாழ்ந்தும், தொழில்முறைக் காற்பந்தில் அவர்களுடைய தொகை விரல்விட்டு எண்ணத்தக்கதாகவே இருந்து வந்திருக்கிறது. நியூகாசிலில் பிறந்த மைக்கேல் சோப்ரா, வேல்ஸ் நாட்டுக்காக 2016 ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் ரஷ்யாவுக்கு எதிராகக் கோல் அடித்த நீல் டெய்லர், லெஸ்டர் அணியின் மத்தியத் திடலில் ஆடி 2021இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்று, பின்னர்த் தம் தாயின் தேசமாகிய வங்காளதேசத்துக்காக ஆடப் புறப்பட்ட ஹம்சா சௌதுரி, அதே லிவர்பூல் கழகத்தில் பயின்று வேறு சங்கங்களில் வாழ்வு கண்ட யான் தண்டா என்று சிலரைச் சொல்லலாம். அந்தச் சிறு வரிசையில் ஒரு தமிழ்ப் பெயர் சேர்ந்திருப்பது தனிமனிதச் சாதனைதான். ஆனால் அந்தத் தனிமனிதனைத் தாங்கிய ஊர் ஒன்று இருந்ததை மறந்துவிடக் கூடாது. அந்த ஊரின் கதை, பேராக்கில் வாழும் நமக்கு அந்நியமான கதை அன்று.

பார்ன்ஸ்லி நிலக்கரிச் சுரங்கங்களின் பட்டணம். 1887இல் டிவர்ட்டன் ப்ரீடி என்ற பாதிரியார் அங்கே ஒரு காற்பந்துச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சுரங்கத்திலிருந்து கரிபடிந்த முகத்தோடு மேலே வந்த தொழிலாளிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் சனிக்கிழமை தோறும் கூடிய திடலுக்கு ஓக்வெல் என்று பெயர். 1912இல் அந்தச் சங்கம் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. பின்னர் வந்த காலம் கடுமையானது. 1984-85இல் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பார்ன்ஸ்லிக்கு அருகிலிருந்த பிரசித்தி பெற்ற கிரைம்தோர்ப் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. ஒரு பிரதேசத்தின் ஜீவனமே அற்றுப்போனது. அதன் பிறகு நான்கே வருஷத்தில், 1997இல், பார்ன்ஸ்லி சங்கம் தன் சரித்திரத்திலேயே முதல் தடவையாக இங்கிலாந்தின் உச்ச லீக்குக்கு உயர்ந்தது! ஒரே ஆண்டில் அங்கிருந்து இறங்கிவிட்டது என்பதும் உண்மைதான். ஆனால் சுரங்கம் போன பின்னும் சங்கம் இருந்தது, திடல் இருந்தது. ஏறக்குறைய முப்பது வருஷங்கள் கழித்து, கடல் கடந்து வந்த குடும்பத்தின் தமிழ்ப் பிள்ளை ஒருவர் அந்தத் திடலில் வந்து நின்றபோது, அவருக்காக அது காத்திருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ தம் மாளிகைத் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளை நட்ட நாளிலிருந்து பேராக்கின் சரித்திரம் ஒரு புதிய திசையில் திரும்பியது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயமும், சுங்கை சிப்புட் முதல் பாகான் டத்தோ வரை தோட்டங்களும் என்று இந்த மாநிலம் செழித்தபோது, அந்தச் செழிப்பின் அடியில் லயத்து வீடுகளில் நம் முன்னோர் வாழ்ந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிக்குச் சட்டம் இருந்தது. கோயிலுக்குப் பக்தி இருந்தது. திடலுக்குச் சட்டமும் இல்லை, பக்தியும் இல்லை. எனினும் துரைமார்களுக்குப் பந்தாட்டத்தில் இருந்த பிரியத்தினாலோ, மாலை நேரத்தில் இளைஞர்களைக் கள்ளுக்கடையிலிருந்து விலக்கி வைக்கும் யுக்தியினாலோ, ஆபீசுக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு சமதரை பல தோட்டங்களில் ஒதுக்கப்பட்டது.

அந்தத் திடல்களில் நடந்தவற்றை நேரில் கண்டவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். காலையில் பால் வெட்டி, பகலில் பால் நிறுத்துக் கொட்டி, மாலை நான்கு மணிக்கு வெறுங்காலோடு திடலில் இறங்கிய அண்ணன்மார்கள். ஒரு தோட்டத்து அணியை இன்னொரு தோட்டத்துக்கு லாரியில் ஏற்றிச் சென்ற கிராணியார். தீபாவளிக்கு மறுநாள் நடக்கும் கிண்ணப் போட்டி. வென்ற அணிக்குப் பெரிய துரை கைகுலுக்கிக் கொடுக்கும் அந்தச் சிறிய வெள்ளிக் கிண்ணம். வாழ்வில் வேறு எந்த இடத்திலும் துரைக்குச் சமமாக நிற்க வாய்க்காத மனிதர்கள், கோட்டுக்குள் நின்ற தொண்ணூறு நிமிஷமும் எவருக்கும் தாழ்ந்தவர்களாக இல்லை. பெரட்டுக் களத்தில் எண்ணாக அழைக்கப்பட்டவர், திடலில் பெயரால் அழைக்கப்பட்டார்.

இந்த நாட்டின் காற்பந்து நம்மவர்களை அறியாததன்று. 1972இல் மூனிச் ஒலிம்பிக்குக்குச் சென்று அமெரிக்காவை மூன்று கோல்களால் வென்ற மலேசிய அணிக்குத் தலைமை தாங்கியவர் எம். சந்திரன். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1988இல் சாலை விபத்தில் மறைந்தபோது இனபேதமின்றி மக்கள் கண்ணீர் விட்டார்கள். பேராக்குக்கும் தேசத்துக்கும் ஆடிய எம். கராத்து, பிற்காலத்தில் பயிற்றுநராக 2010இல் கிளந்தானுக்கு மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார். அதே 2010ஆம் ஆண்டின் இறுதியில், தென்கிழக்காசியக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களிலுமாக 4-2 என்று வென்று மலேசியா முதன்முறையாக வாகை சூடியபோது, பயிற்றுநராக கே. ராஜகோபாலும், அணியில் எஸ். குணாளனும் கே. குருசாமியும் இருந்தார்கள். ஆகவே திறமை நம்மிடம் எக்காலத்திலும் இருந்தது. குறைந்து போனது அதை ஏந்திக்கொள்ளும் பாத்திரம்.

அது எப்படிக் குறைந்தது? 1950களின் பிற்பகுதியில், சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில், வெள்ளைக்காரர்கள் பலர் தங்கள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்த அந்த ஆபத்தான வேளையில், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை அவர்களே வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டத்தில் பிறந்தவன் தோட்டத்துக்குச் சொந்தக்காரன் ஆகலாம் என்ற அந்தச் சிந்தனை, என் மதிப்பில், மலேசியத் தமிழரின் பொதுவாழ்வில் தோன்றிய மிகப் பெரிய சிந்தனைகளில் ஒன்று. அதற்குப் பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பின்னர்ச் செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் மற்றொரு தூணும் சாய்ந்தது.

தோட்டங்கள் மூடப்பட்டபோது கோயிலைக் காப்பாற்றப் போராடினோம். பள்ளியை வேறிடத்துக்கு மாற்றியாவது காப்பாற்றினோம். சுடுகாட்டுக்குக்கூட மனுக் கொடுத்தோம். திடலுக்காக எவரும் மனுக் கொடுத்ததாக நான் அறியேன். அது துரையின் நிலம். துரையின் தயவில் ஆடினோம். தயவு போனதும் திடலும் போயிற்று. நாம் ஆடிய திடலில் ஓர் அங்குலமேனும் நம் பெயரில் எழுதப்பட்டிருக்கவில்லை. இங்கேதான் ஓக்வெல்லுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு பிறக்கிறது. பார்ன்ஸ்லியில் முதலாளிகளின் கையிலும் பின்னர் அரசின் கையிலும் சுரங்கம் இருந்தது, ஆனால் பந்தாட்டச் சங்கம் ஊராரின் சங்கமாக வேரூன்றியிருந்தது. ஆகையால் கரி போனபோது பந்து தப்பியது. நம் தோட்டங்களில் மரமும், வீடும், திடலும் ஒரே பத்திரத்தில் இருந்தன. மரத்தோடு எல்லாம் போயின.

'மாநில அணி இருக்கிறதே' என்று சொல்வீர்கள். 1921இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய, இன்று மலேசியக் கிண்ணம் எனப்படும் கிண்ணத்தை 1926இலேயே வென்ற பெருமை பேராக்குக்கு உண்டு, 2018இலும் வென்றோம். ஆனால் அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, 2021இல், அந்த அணி சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. 2025இல் பணநெருக்கடியால் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்து, 2019இல் சூப்பர் லீக்கில் ஆடிய பெட்டாலிங் ஜெயா சிட்டி அணியும் 2022ஆம் ஆண்டோடு ஒதுங்கிவிட்டது. தனவந்தர் ஒருவரின் கொடையிலும் கம்பெனி ஒன்றின் விளம்பரச் செலவிலும் நிற்கும் சங்கம், துரையின் திடலைப் போன்ற இன்னொரு தயவே ஆகும். மேலே உள்ள அணியை எவ்வளவு பணம் கொட்டி நிறுத்தினாலும், கீழே படி இல்லாவிட்டால் அது நிலைக்காது.

ஆகவே நாம் செய்யத்தக்கது என்ன என்பதைச் சொல்லி முடிக்க விரும்புகிறேன்.

முதலாவது, நம் பள்ளிகள். பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. லிவர்பூல் போன்ற சங்கங்கள் எட்டு, ஒன்பது வயதில் பிள்ளைகளைத் தேடி அலைகின்றன. அடித்தளப் பருவம் பன்னிரண்டு வயதுக்கு முன் முடிகிறது என்று முன்னரே சொன்னேன். நம் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் இருப்பது ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை! மத்தியத் திடல் ஆட்டக்காரரின் பாதம் பக்குவப்படும் அதே வருஷங்களில், நம் பிள்ளைகள் நம் கூரையின் கீழேயே இருக்கிறார்கள். வேறெந்த ஸ்தாபனத்துக்கும் எளிதில் கிட்டாத இந்தப் பாக்கியத்தை நாம் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் விளையாட்டுப் போட்டி நாளில் செலவிட்டு விடுகிறோம். அண்டைப் பள்ளிகள் நான்கைந்து சேர்ந்து, வாரந்தோறும், வருஷம் முழுவதும் ஆடும் சிறுவர் லீக் ஒன்றை நடத்துவதற்குப் பெரிய பொக்கிஷம் வேண்டியதில்லை; ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் அடிப்படைப் பயிற்றுநர் சான்றிதழ் பெற்ற ஓர் ஆசிரியரும், சீராக வெட்டிய புல்லும், தவறாமல் வரும் பெற்றோரும் போதும். அந்த லீக்கில் பெண் பிள்ளைகளுக்கும் சமமான இடம் வேண்டும்.

இரண்டாவது, பதின்மூன்று வயதில் நம் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது அறுந்துபோகும் கயிற்றைக் கட்டுவது. திறமை வாய்ந்த ஒரு சிலரை புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியோ கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி கழகமோ எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளப்படாத நூறு பேருக்கும், எடுத்துக்கொண்டு பின்னர்த் திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் ஈப்போவிலோ, சுங்கை சிப்புட்டிலோ, தெலுக் இந்தானிலோ ஒரு பார்ன்ஸ்லி வேண்டும். லிவர்பூலை உண்டாக்க நம்மால் ஆகாது. பார்ன்ஸ்லியை உண்டாக்க ஆகும்.

மூன்றாவதும் முதன்மையானதும் நிலம். சம்பந்தன் கூட்டுறவின் மூலம் தோட்டத்தையே வாங்கலாம் என்று துணிந்தார். அந்தத் துணிவில் பத்தில் ஒரு பங்கு இருந்தால், மாவட்டத்துக்கு ஒரு திடலை அறக்கட்டளையின் பெயரிலோ கூட்டுறவின் பெயரிலோ பதிவு செய்வது நமக்கு இயலாத காரியமா? கோயில் மண்டபங்களுக்கு நாம் இலட்சக்கணக்கில் வழங்குகிறோம், அது வேண்டியதுதான், அந்த வழக்கத்தில் ஒரு சிறு பகுதி புல்தரைக்குப் போனால் தெய்வம் கோபிக்காது.

'பந்தாடினால் படிப்புக் கெடும்' என்று பெற்றோர் அஞ்சுவது எனக்குத் தெரியும். படிப்பைத் தவிர வேறு ஏணி இல்லாதிருந்த மக்களின் நியாயமான அச்சம் அது. பதினாறு வயதுப் பயிற்சியாளனுக்கும் பாடம் கட்டாயம் என்று வைத்த இங்கிலாந்தின் ஏற்பாட்டை நாமும் கைக்கொள்ளலாம். நூறு பிள்ளைகள் ஆடினால் ஒருவன்கூடத் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகாமல் போகலாம். அப்படியே ஆனாலும், குடியிருப்பு அடுக்குமாடிகளின் படிக்கட்டுகளில் மாலைப் பொழுதைக் கழிக்கும் அந்த நூறு பேருக்கு, தோழமையும் ஒழுங்கும் தோல்வியைத் தாங்கும் மனமும் கற்பிக்கும் வேறு பள்ளி ஒன்று கிடைத்திருக்கும். அதன் லாபத்தைக் கோல்களால் கணக்கிட வேண்டியதில்லை.

விமல் யோகநாதனின் புகைப்படத்தைப் பகிர்ந்து பெருமைப்படுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அவரை ஆளாக்கியவை பெற்றோரின் பிரயத்தனமும், சிறு வயதில் திறந்த ஒரு கதவும், அது மூடியபோது திறந்த இன்னொரு கதவுமே. முதலாவது நம்மிடம் ஏராளமாக உண்டு. மற்ற இரண்டையும் உண்டாக்கும் வேலைக்கு, இந்தக் கூட்டம் கலைவதற்கு முன், ஒரு மாவட்டத்தின் பெயரையும், ஒரு திடலின் எல்லையையும், பொறுப்பேற்கும் ஐந்து பேரையும் இங்கேயே தீர்மானிக்க வேண்டும் என்று அவைத்தலைவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.